படிக்கட்டு வீட்டுக்கு எது பொருந்தும்: பொமரேனியனா, டாஷ்ஹண்டா?

கொழுந்துக்கூடை, டிக்கோயா

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு சிறு நாய் வளர்ப்பதென்று ஒருவழியாக முடிவு செய்துவிட்டோம். ஆனால் எந்த இனம் என்பதில் வீடு இரண்டுபட்டு நிற்கிறது. 10 வயது மகள் பொமரேனியன்தான் வேண்டும் என்கிறாள். என் கணவரோ, சிறுவனாக இருந்தபோது தோட்டத்துத் துரை பங்களாவில் பார்த்த டாஷ்ஹண்டை இன்னும் மறக்கவில்லை. 6 வயது மகனுக்கு எது வந்தாலும் சரி. மாமிக்கு 72 வயது. பகலெல்லாம் நாயோடு இருக்கப் போகிறவர் அவர்தான் என்பதால், நான் அவருடைய வசதியைத்தான் முதலில் பார்க்கிறேன்.

நாங்கள் இருப்பது தோட்டத்து உத்தியோகத்தர் குவார்ட்டர்ஸில். இரண்டு அறைகள், ஓர் இஸ்தோப்பு, பின்னால் விறகடுப்புக் குசினி, அதற்கப்பால் லீக்ஸும் கரட்டும் போட்ட இரண்டு பாத்திகள், இவ்வளவுதான் வீடு. மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர் வரை துவைத்த துணி காய்வதே பெரும்பாடு. நான் ஆசிரியை, காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் பிற்பகல் இரண்டரைக்குத்தான் திரும்புவேன். இணையத்தில் வாசித்ததெல்லாம் வேறு நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டதாக இருக்கிறது. நம் மழையிலும் குளிரிலும் இவ்விரண்டில் ஒன்றையாவது வளர்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மூடுபனி, நுவரெலியா

வணக்கம் சகோதரி. எங்களிடம் ஒன்பது ஆண்டுகளாக ஒரு பொமரேனியன் இருக்கிறது. குளிரைப் பற்றி நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. அதன் உடலில் இரண்டு அடுக்கு முடி உண்டு. உள்ளே பஞ்சு போன்ற அடர்த்தியான அடுக்கு, வெளியே நீண்ட முரட்டு அடுக்கு. ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி விழும் காலைகளிலும் எங்களுடையது வாசலில் நின்று குரைக்காமல் உள்ளே வந்ததில்லை. இந்த இனம் பால்டிக் கடலோரத்துப் பொமரேனியா என்ற பகுதியின் பெயரைத் தாங்கியது. பனிப்பிரதேசத்து ஸ்பிட்ஸ் நாய்களின் வழி வந்தது. முற்காலத்தில் இன்றிருப்பதைவிடப் பல மடங்கு பெரியதாக இருந்தது. விக்டோரியா மகாராணி 1888இல் இத்தாலிக்குப் போய்ச் சிறிய பொமரேனியன்களைக் கொண்டுவந்த பிறகே சிறிய உருவம் நாகரிகமானது. இதை நான் வரலாறு சொல்வதற்காகச் சொல்லவில்லை. நம் ஊரில் பொமரேனியன் என்று விற்கப்படும் குட்டி, வளர்ந்த பிறகு மூன்று கிலோவில் நிற்குமா, எட்டுக் கிலோவுக்குப் போகுமா என்பது தாய் தந்தையைப் பாராமல் தெரியாது. நான் பார்த்த வெள்ளைப் 'பொமரேனியன்'களில் பல ஸ்பிட்ஸ் கலப்பாகவே இருந்தன. அதில் குறையொன்றும் இல்லை. விலையை மட்டும் அதற்கேற்பக் கொடுங்கள்.

தொல்லை குளிரில் இல்லை, ஈரத்தில் இருக்கிறது. அதைப் பிறகு விரிவாக எழுதுகிறேன்.

பழையலயம், மஸ்கெலியா

வணக்கம் டீச்சர். உங்கள் கணவர் பக்கம் பேச ஓர் ஆள் வேண்டுமல்லவா, அதற்கு நான் வருகிறேன். எங்கள் வீட்டு டாஷ்ஹண்ட் 13 ஆண்டுகள் வாழ்ந்தது. ஆளை அறிந்து குரைக்கும் நாய் அது. கொழுந்து எடுக்கப் போகிறவர்களை விட்டுவிடும், புதிய காலடிச் சத்தம் கேட்டால் மட்டும் எழும். அதன் குரல் உருவத்துக்குப் பொருந்தாத கனமான குரல் என்பதால், வாசலில் நிற்கிறவர் உள்ளே பெரிய நாய் ஒன்று இருப்பதாகவே நினைத்துக்கொள்வார். முடி குட்டை, ஒரு துணியால் இரண்டு தரம் துடைத்தால் காய்ந்துவிடும். மழை நாட்டில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது வளர்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இருந்தாலும் மறைக்காமல் சொல்ல வேண்டியவையும் உண்டு. ஜெர்மன் மொழியில் அதன் பெயரில் உள்ள 'டாஷ்', வளைக்கரடி என்னும் விலங்கைக் குறிக்கும். அதன் வளைக்குள் புகுந்து எதிர்த்து நிற்பதற்கென்றே வளர்க்கப்பட்ட இனம் இது. ஆகவே தோண்டுவதை அதற்குக் குற்றமாகச் சொல்ல முடியாது. நீங்கள் சொன்ன லீக்ஸ் பாத்தியையும் கரட் பாத்தியையும் அது ஒரே பகலில் புரட்டிப் போட்டுவிடும். எலியைக் கண்டால் கூப்பிட்டாலும் வராது. மோப்பம் பிடித்துத் தேயிலைக்குள் இறங்கிவிட்டால், அட்டைக்கடியோடு திரும்பி வந்தாலே போதும் என்று நாங்கள் காத்திருந்த மாலைகள் பல. வயிறு தரையைத் தொட்டபடி நடப்பதால், மற்ற நாய்களுக்குக் காலில் ஏறும் அட்டை இதற்கு நேரே வயிற்றில்தான் ஏறும்.

கொழுந்துக்கூடை, டிக்கோயா

இருவருக்கும் நன்றி. முன்பே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை இப்போது சொல்கிறேன். எங்கள் வீடு பாதையிலிருந்து 22 படிகள் மேலே இருக்கிறது; கருங்கல் படிகள், ஒவ்வொன்றும் ஒரே உயரமும் அல்ல. இஸ்தோப்பிலிருந்து முற்றத்துக்கு இறங்க இன்னும் நான்கு படிகள். இது தேர்வை மாற்றுமா?

மருந்துப்பெட்டி, பேராதனை

மாற்றும், சகோதரி. என்னைக் கேட்டால், இந்த இழையில் இதுவரை சொல்லப்பட்ட மற்ற எல்லாவற்றையும்விட இந்த 22 படிகள்தான் முக்கியம்.

நான் மிருக வைத்தியசாலை ஒன்றில் உதவியாளராகப் பல ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன். டாஷ்ஹண்டின் குட்டைக் கால்களுக்குக் காரணம், எலும்பும் குருத்தெலும்பும் வளரும் முறையையே மாற்றிவிடும் ஒரு மரபணு. அதே காரணத்தால் அதன் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் இளம் வயதிலேயே மென்மையை இழந்து இறுகிவிடுகின்றன. இறுகிய வட்டு ஒரு நாள் பிதுங்கி அல்லது வெடித்து முள்ளந்தண்டு நரம்பை அழுத்தினால் பின்னங்கால்கள் விழுந்துவிடும். இந்த இனத்தில் ஏறக்குறைய நான்கில் ஒன்று அல்லது ஐந்தில் ஒன்று வாழ்நாளில் இந்த வட்டு நோயைக் காண்கிறது. பெரும்பாலும் மூன்று வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில், அதாவது நாய் நல்ல துடிப்போடு இருக்கும் காலத்தில்தான் இது வரும். படி ஏறுவதுதான் நோயைக் கொண்டுவருகிறது என்று நான் சொல்ல மாட்டேன். அடிப்படைக் காரணம் பிறப்பிலேயே உள்ளது. ஆனால் பலவீனமான வட்டுள்ள நாய் ஒவ்வொரு நாளும் உயரம் ஒவ்வாத கருங்கல் படியில் குதித்து இறங்குவதை எந்த வைத்தியரும் விரும்ப மாட்டார்.

வந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் யோசியுங்கள். முதுகைக் கூனி நிற்பது, தூக்கினால் கத்துவது, பின்னங்கால் நகம் தரையில் உரசி நடப்பது ஆகியவை முதல் அறிகுறிகள். நோய் சிறிதாக இருந்தால் நான்கு முதல் ஆறு வாரம் கூண்டில் அசையாமல் வைத்து, வலிக்கும் வீக்கத்துக்கும் மருந்து கொடுத்துத் தேற்றலாம். கால் முற்றாக விழுந்துவிட்டால் சத்திரசிகிச்சைதான்; காலில் ஆழ்ந்த வலியுணர்வு இருக்கும்போதே செய்தால்தான் எழுந்து நடக்கும் வாய்ப்பு அதிகம். அதுவும் மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய விடயம். டிக்கோயாவிலிருந்து ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலைக்கு வந்து சேரவேண்டும். மண்சரிவால் பாதை மூடப்பட்ட இரவில் அது நடக்காது. அச்சமூட்ட எழுதவில்லை, அந்த வாசலில் நின்று பார்த்ததால் எழுதுகிறேன்.

பழையலயம், மஸ்கெலியா

ஐயா சொல்வதை நான் மறுக்கவில்லை. எங்கள் வீட்டுக்கும் 15 படிகள் இருந்தன. ஆனால் எங்கள் நாய் அந்தப் படிகளில் தானாக இறங்கியதே இல்லை. குட்டியாக வந்த நாளிலிருந்து மேலே ஒரு படலையும் கீழே ஒரு படலையும் போட்டு, ஒவ்வொரு தரமும் ஒருவர் தூக்கிக்கொண்டே போனோம். ஒரு கை நெஞ்சின் கீழ், மறு கை பின்புறத்தின் கீழ், முதுகு நேராக இருக்கும்படி. கட்டிலுக்கு ஒரு பலகைச் சாய்வு வைத்து, வழுக்காமல் இருக்கப் பழைய சாக்கை ஆணியடித்து ஒட்டினோம். எடை ஏறவிடவில்லை. 13 ஆண்டில் முதுகு நோவு ஒரு தரம்தான் வந்தது, அதுவும் கூண்டு ஓய்வோடு போயிற்று. வளர்க்கவே முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். வளர்க்கலாம், தூக்குவதற்கு ஆள் இருந்தால்.

கொழுந்துக்கூடை, டிக்கோயா

ஆள் இருந்தால் என்று நீங்கள் எழுதிய இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன், ஐயா. காலை ஏழு முதல் இரண்டரை வரை மாமி தனியாக இருப்பார். அவருக்கு முழங்கால் வருத்தம். தாமே கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத்தான் இறங்குவார். அந்த வேளையில் எட்டுக் கிலோ நாயை அவர் தூக்கவே முடியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாமி யாரையும் பசியோடு விட்டுவைக்க மாட்டார். தான் சாப்பிடும் ரொட்டியில் பாதியை நாய்க்குப் பிய்த்துப் போடாமல் இருக்கும்படி அவரிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

சின்ன டாஷ்ஹண்ட் என்று ஒரு வகை இருப்பதாகக் கணவர் சொல்கிறார். அது ஐந்து கிலோவைத் தாண்டாதாமே? அதில் இந்த முதுகுத் தொல்லை இல்லையா?

மருந்துப்பெட்டி, பேராதனை

மினியேச்சர் வகை வளர்ந்தாலும் ஐந்து கிலோவுக்குள் நிற்கும் என்பது சரி. பெரிய வகை ஏழு முதல் 14 கிலோ வரை போகும். ஆனால் கால் குட்டையாக இருப்பதற்கான மரபணு இரண்டிலும் ஒன்றுதான், ஆகவே வட்டு நோயும் இரண்டுக்கும் உண்டு. தூக்க எளிது என்பது மட்டுமே லாபம்.

ரொட்டி விடயத்தில் நீங்கள் சரியாகக் கவலைப்படுகிறீர்கள். ஐந்து கிலோ நாய்க்கு அரைக் கிலோ கூடுவது, 60 கிலோ மனிதருக்கு ஆறு கிலோ கூடுவதற்குச் சமம். அதோடு உங்கள் பாத்தியிலுள்ள லீக்ஸையும் கவனியுங்கள். வெங்காயம், உள்ளி, லீக்ஸ் எல்லாம் ஒரே குடும்பம். இவை நாயின் சிவப்பணுக்களை உடைத்து இரத்தசோகையை உண்டாக்கும். சமைத்தாலும் நச்சு போகாது. ஆகவே கறிக்குழம்பு தொட்ட ரொட்டி எந்த இனத்துக்கும் ஆகாது. மாமிக்கு ரொட்டியை நிறுத்தச் சொல்வதைவிட, வேகவைத்த கரட் துண்டுகளை ஒரு கிண்ணத்தில் வைத்துக் கொடுத்து, 'இதைப் போடுங்கள் அம்மா' என்று சொல்வது எளிது. என் தாயாரிடம் எனக்குப் பலித்த வழி அதுதான்.

கச்சான்காற்று, பண்டாரவளை

இடையில் ஒரு சொல். எங்கள் பக்கம் ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரை கச்சான் காற்று வறண்டு வீசும். உங்கள் பக்கம் அப்போது அடைமழை. ஒரே மலைநாடு என்றாலும், ஊவாவில் எளிதாக வளரும் நாய் ஹட்டன் பக்கத்தில் தோல்நோயோடு கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். எனவே பண்டாரவளையில் வளர்க்கும் என்னைப் போன்றவர்கள் பொமரேனியனுக்கு ஈரம் ஒரு பிரச்சினையே இல்லை என்று சொன்னால், அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். குரைப்பைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்வேன்: பொமரேனியன் ஆளைப் பார்த்தாலும் குரைக்கும், ஆளின் நிழலைப் பார்த்தாலும் குரைக்கும். உங்கள் குவார்ட்டர்ஸ் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவரா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூடுபனி, நுவரெலியா

ஈரத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். பொமரேனியனின் வெளிமுடி காய்ந்திருந்தாலும் உள்ளடுக்கு ஈரமாகவே இருக்கும். கையை ஆழமாக விட்டுப் பார்த்தால்தான் தெரியும். அப்படி இரண்டு மூன்று நாள் விட்டால் தோல் வெந்ததுபோலச் சிவந்து, நீர் கசிந்து, நாய் அதைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிவிடும். நாங்கள் முதல் ஆண்டிலேயே இந்தப் பாடத்தைப் படித்தோம். அதற்குப் பிறகு மழைக்காலத்தில் வாரம் நான்கு தரம் சீப்பால் தோல் வரை வாருகிறோம், நனைந்தால் அன்றே முழுவதும் துவட்டுகிறோம், குளிப்பாட்டுவதை வெயில் கண்ட நாளுக்கு ஒதுக்கி வைக்கிறோம். 'தொல்லைதானே, மொத்தமாக மழித்துவிடுவோம்' என்று மட்டும் எண்ணாதீர்கள். இரண்டடுக்கு முடியை ஒட்ட மழித்தால் சில நாய்களுக்கு அது பழையபடி வளர்வதேயில்லை.

இன்னொன்று, உங்கள் விறகடுப்பு. பொமரேனியனுக்குக் குரல்வளைக்குக் கீழுள்ள மூச்சுக்குழாய் பலவீனமாக இருப்பது சாதாரணம். அந்தக் குழாயைத் திறந்து வைத்திருக்கும் குருத்தெலும்பு வளையங்கள் தளர்ந்துவிட்டால், வாத்து கத்துவதுபோல் வறண்ட இருமல் வரும். புகை அதை மோசமாக்கும். கழுத்துப்பட்டியில் சங்கிலி மாட்டி இழுப்பதும் மோசமாக்கும். நெஞ்சைச் சுற்றிக் கட்டும் வார் வாங்குங்கள். விறகடுப்பு எரியும் நேரத்தில் நாயை இஸ்தோப்பில் வைக்கும் பழக்கத்தை முதல் நாளே தொடங்குங்கள்.

முழங்கால் சில்லு விலகுவதும் இந்த இனத்தில் அதிகம். நாய் ஓடும்போது திடீரென்று ஒரு பின்னங்காலை மடக்கி மூன்று காலில் நாலடி துள்ளிவிட்டு மறுபடி சாதாரணமாக ஓடினால் அதுதான். உங்கள் தரை மெழுகிய சிவப்புச் சீமெந்து என்றால், நாய் திரும்பும் இடங்களில் பாய் விரியுங்கள். ஆனால் படி ஏறி இறங்குவதை, டாஷ்ஹண்டோடு ஒப்பிட்டால், பொமரேனியனின் உடம்பு தாங்கும். எங்களுடையது நாள்தோறும் ஏறுகிறது.

மாமிக்காக ஒரு எச்சரிக்கை: இந்த இனம் காலுக்குள்ளேயே சுற்றும். முழங்கால் வருத்தமுள்ள ஒருவர் கால் தடுக்கி விழுவது எந்த நாய்க்கடியைவிடவும் மோசமானது. நாங்கள் கழுத்தில் சிறு மணி ஒன்று கட்டியிருக்கிறோம். உங்கள் மகனும் நின்றபடி அதைத் தூக்கக் கூடாது; கையிலிருந்து நழுவி விழுந்தால் முன்னங்கால் எலும்பு முறிந்துபோகும். உட்கார்ந்த பிறகுதான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பழையலயம், மஸ்கெலியா

வாதத்தில் நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்பது தெரிகிறது. ஒரு பொதுவான விடயத்தையும் சேர்த்துவிடுகிறேன். எந்த இனமாயினும் இருட்டிய பிறகு வெளியே விடாதீர்கள். எங்கள் பிரிவில் சிறுத்தை வந்து லயத்து நாய்களைத் தூக்கிப்போவது புதிதல்ல. மூன்று கிலோ நாய் அதற்கு ஒரு வாய். பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கும் அப்படித்தான். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தையே அதில் மாட்டி இறந்தது. மோப்பம் பிடித்துப் போகும் டாஷ்ஹண்டுக்கு அது இன்னும் அருகில் உள்ள ஆபத்து. இந்த ஒரு விடயத்தில் வீட்டை விட்டு நகராத பொமரேனியன் மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மருந்துப்பெட்டி, பேராதனை

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை வாங்க வேண்டாம். தாயைக் காட்ட மறுப்பவரிடம் வாங்கவே வேண்டாம். பொமரேனியன் குட்டி மிகச் சிறியதாக இருப்பதைப் பெருமையாகச் சொல்லி விலை ஏற்றுவார்கள். அப்படிப்பட்ட குட்டி ஒரு வேளை உண்ணாவிட்டாலும் இரத்தச் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும், ஒரு நாளைக்கு நான்கு வேளை ஊட்ட வேண்டும். பகலில் மாமி மட்டுமே இருக்கும் வீட்டில் அது சுமை.

பார்வோ, டிஸ்டெம்பர் என்னும் கொடிய தொற்றுநோய்களுக்கான தடுப்பூசிகளைக் குட்டிக்கு மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வார வயது வரை போட்டு முடிக்கும்வரை பொதுப் பாதையில் இறக்காதீர்கள். விசர்நாய்க்கடித் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டு, அட்டையைப் பத்திரமாக வையுங்கள். எலி நடமாட்டமுள்ள வீடென்பதால் எலிக்காய்ச்சலுக்கான ஊசியையும் கேட்டு வாங்குங்கள். எலிக்கு நஞ்சு வைக்கும் பழக்கம் இருந்தால் நாய் வரும் முன்பே அதை நிறுத்துங்கள். உண்ணியை நாள்தோறும் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தேடுங்கள். நீண்ட முடிக்குள் அது ஒளிந்துகொள்ளும், உண்ணிக் காய்ச்சல் முற்றினால் காப்பாற்றுவது கடினம்.

வளர்ந்த நாய் ஒன்று கிடைத்தால் அதையும் மறுக்காதீர்கள். எடை எவ்வளவு, இருமுகிறதா, முழங்கால் எப்படி என்பதெல்லாம் கண்முன்னே தெரிந்துவிடும்.

கொழுந்துக்கூடை, டிக்கோயா

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். கொட்டகலையில் ஒரு குடும்பம் வெளிநாடு போகிறது. அவர்களிடம் மூன்று வயதுப் பெண் பொமரேனியன் இருப்பதாக உடன் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் சொன்னார். கடந்த ஞாயிறு மாமியையும் கூட்டிக்கொண்டு போனோம். எடை நான்கு கிலோவுக்குச் சற்று மேல். வெள்ளை நிறம், மூடுபனி சொன்னதுபோல ஸ்பிட்ஸ் கலப்பாக இருக்கலாம். இருமல் இல்லை. ஹட்டனிலுள்ள மிருக வைத்தியர் முழங்கால்களைப் பிடித்துப் பார்த்து, இடது காலில் சில்லு சிறிது தளர்ந்திருப்பதாகவும் எடை ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றும் சொன்னார். கணவருக்கு ஏமாற்றம்தான், ஆனால் 22 படிகளைத் தினம் ஏறுகிறவர் அவரும்தானே, வாதாடவில்லை.

மாமி நாயைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, 'இவ்வளவு முடியை மழைக்காலத்தில் யார் காய வைப்பது?' என்பது. மகள் தான் செய்வதாகச் சொன்னாள். மாமி அவளைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, 'பள்ளிக்கூடம் போகுமுன் சீப்பை என் கையில் கொடுத்துவிட்டுப் போ' என்றார். சனிக்கிழமை அழைத்து வருகிறோம். மகள் அதற்குள் அட்டையில் மணி வரைந்து சுவரில் ஒட்டிவிட்டாள். உண்மையான மணியை நான் இன்னும் வாங்கவில்லை.

பழையலயம், மஸ்கெலியா

மணியோடு சேர்த்துத் துவாலையும் வாங்குங்கள் டீச்சர். ஒன்று போதாது, மூன்று வேண்டும். ஜூன் மாதத்தில் முதலாவது காய்வதற்குள் மூன்றாவதும் நனைந்துவிடும். கணவரை ஒரு ஞாயிறு இங்கே அனுப்பிவையுங்கள். பக்கத்துப் பிரிவில் ஒரு டாஷ்ஹண்ட் இருக்கிறது, பார்த்துவிட்டு வரட்டும்.